பார்க்கிற கடல், பிடிக்கிற கடல்

ஏப்ரல் வந்தால் எங்கட வட்டத்தில் ஒரே கேள்விதான். "இந்த முறை ஊருக்குப் போறம். கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாம் முடிய, பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போறது?"

என் பதில் கொஞ்ச நாளாக ஒன்றுதான்: நிலாவெளியில் ஒரு முழு நாள், படகில். காலையில் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மீன் பார்க்கிறது. பின்னேரம் தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறது.

எங்கட பள்ளி நாட்காட்டிக்கும் இது பொருத்தம். கியூபெக்கில் பள்ளிக்கூடம் யூன் கடைசியில் முடிந்து ஓகஸ்ட் கடைசியில் திறக்கிறது. அந்த இரண்டு மாதமும் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கும். திருகோணமலைப் பக்கக் கடலோ பெரும்பாலான காலைகளில் குளம்போலக் கிடக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். நத்தார் விடுமுறையில் போகிறவர்கள் கிழக்குக் கடலை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

போன யூலையில் நாங்கள் ஐந்து பேர் போனோம். நான், கணவர், பத்து வயது மகள், ஏழு வயது மகன், எழுபத்தொரு வயது அப்பா. இது அந்த நாளைப் பற்றியது. ஆனால் எந்த ஹொட்டேலில் தங்கலாம், எவ்வளவு முடிந்தது என்ற கணக்கு இல்லை. அந்த ஒரு நாளுக்குள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஒரு படகு, இரண்டு சட்டம்

நிலாவெளிக் கரையில் நின்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தள்ளி இரண்டு பாறைத் தீவுகள் தெரியும். ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஆங்கிலத்தில் பிஜன் ஐலண்ட். ஊர்ச்சனம் சொல்கிற பெயர் புறாமலை. மாடப்புறாக்கள் அந்தப் பாறைகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த இடத்தைச் சுட்டுப் பழகுகிற இடமாகப் பாவித்தார்கள். 1963இல் சரணாலயம் ஆனது. 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பூங்கா என்றால் தீவு மட்டும் இல்லை. தீவைச் சுற்றியிருக்கிற கடலும் அதற்குள் அடக்கம்.

பெற்றோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். கடற்கரையில் "ஸ்நோர்க்ளிங், பிஷிங், எல்லாம் ஒரே நாள்" என்று விற்பார்கள். அது ஒரே பொதியாக இருக்கலாம், ஆனால் ஒரே இடமாக இருக்க முடியாது. பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்கக் கூடாது. சிப்பி, முருகைக்கல் எதையும் எடுத்து வரவும் கூடாது. உள்ளே போவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும், அதைக் கரையிலேயே கொடுக்கிறார்கள். படகுக் கூலி வேறு, முகமூடி வாடகை வேறு. தூண்டில் போடுவதென்றால் எல்லையைத் தாண்டி வெளியே வர வேண்டும்.

இதை என் மகனுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருக்கவில்லை. "இது பார்க்கிற கடல். அங்கால இருக்கிறது பிடிக்கிற கடல்" என்றேன். அவன் உடனே கேட்டான்: "மீனுக்கு அது தெரியுமா?"

எங்கட படகோட்டி அண்ணை சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "தெரியாது தம்பி. அதாலதான் இந்த இடத்தை விட்டு வைக்கிறது. இங்க குஞ்சு பொரிச்சுப் பெருகி அங்கால வரும். அங்கால வந்தா எங்கட."

கடல்வளப் பாதுகாப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார். "எங்கட அப்பா இந்தக் கல்லடியில தூண்டில் போட்டவர். இப்ப நான் ஆக்களை ஏத்திக்கொண்டு வந்து காட்டுறன்." அதில் குறை சொல்கிற தொனி இல்லை, பெருமையும் இல்லை. பாதுகாப்பு என்று ஒரு கோடு போட்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய அடுப்போ இருக்கிறது. அதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

தண்ணீரில் இறங்க முதல்

இனி நான் பொறியியலாளர் மாதிரிப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, காற்று. யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை கிழக்கில் கச்சான் காற்று வீசும். (எங்கட பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் வறுத்துத் தின்கிற கடலை மட்டும்தான். அந்தப் பகிடி படகில் அரை மணித்தியாலம் ஓடியது.) கச்சான் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. தரைக்காற்று என்பதால் கரையோரத்தில் அலை எழும்பாது. பார்க்க அமைதியாக இருக்கும், ஏமாற்றுவதும் அந்த அமைதிதான். மிதந்துகொண்டிருக்கிற ஆளை அது மெல்ல மெல்ல வெளிக்கடலுக்குத் தள்ளும். காற்று நிரப்பின மிதவைகளைக் கரையில் விற்பார்கள், அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டாம். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்பது பெரியவர்களுக்கே தெரியாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் படகைப் பார்க்கப் பழக்குங்கள்.

இரண்டாவது, உயிர்காப்பு அங்கி. கனடாவில் படகில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அளவான அங்கி ஒன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே படகில் அங்கி இருக்கும், ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய அங்கி போட்ட பிள்ளை தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே வரும், பிள்ளை அதற்குள்ளால் வழுகும். ஆகவே பிள்ளைகளின் அங்கிகளை மொன்றியலில் இருந்தே கொண்டுபோங்கள். நுரை வைத்த சாதாரண அங்கிக்குப் பாரம் இல்லை, பெட்டியில் கொஞ்சம் இடம்தான் போகும். முகமூடியும் அப்படித்தான். வாடகை முகமூடி சிறிய முகத்தில் பொருந்தாது. தண்ணீர் உள்ளே வந்தால் பிள்ளை பயந்துவிடும், அதோடு அன்றைய நாள் முடிந்தது.

மூன்றாவது, முதுகு. குப்புற மிதக்கும்போது வெயில் முழுவதும் முதுகிலும் பின்னங்காலிலும்தான் விழும். "எங்கட தோலுக்கு ஒன்றும் செய்யாது" என்று அம்மம்மாமார் சொல்வார்கள். செய்யும். கிறீமை நம்புவதைவிட நீளக்கைச் சட்டை நல்லது. சில கிறீம்களில் உள்ள இரசாயனங்கள் முருகைக்கல்லுக்குக் கூடாதவை என்று ஹவாய் மாநிலம் 2021 தொடக்கம் அவற்றின் விற்பனையையே நிறுத்தியிருக்கிறது.

நான்காவது, காலை. வெள்ளனப் போங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், சனம் குறைவு, சுறாக்களும் அந்த நேரத்தில்தான் ஆழம் குறைந்த இடத்துக்கு வரும்.

ஓம், சுறா.

கிளிமீனும் சுறாவும்

பயப்படாதீர்கள். அது கறுப்பு முனைச் சுறா. முதுகுச் செட்டையின் நுனியில் மை தொட்ட மாதிரிக் கறுப்பு இருக்கும். ஒன்றரை மீற்றர் அளவில் இருக்கிற, மனிதரைக் கண்டால் விலகிப்போகிற மீன். இன்னொன்று: தண்ணீருக்குள் முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால்வாசி கிட்டவும் தெரியும். ஒளி தண்ணீரில் இருந்து காற்றுக்கு வரும்போது முறிவதால் வருகிற மாயம். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளை கரைக்கு வந்து "இவ்வளவு பெரிசு" என்று கையை விரிக்கும்போது தானே கழித்துக்கொள்ளும்.

என் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விளையாட்டின் பெயர் "மாஸ்க் எ தூபா". பச்சையும் நீலமுமாக ஒரு மீன் முருகைக்கல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மகள் தலையைத் தூக்கி "புவாசோன் பெரோக்கே!" என்று கத்தினாள். அண்ணை படகில் இருந்து "கிளிமீன்" என்றார். அவளுக்கு அதை நம்ப முடியவில்லை. பிரெஞ்சிலும் கிளி, ஆங்கிலத்திலும் கிளி, தமிழிலும் கிளி. சொண்டைப் பார்த்த எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வந்திருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உயிரெழுத்துப் படிக்கச் சலிக்கிற பிள்ளை, அதற்குப் பிறகு ஒவ்வொரு மீனுக்கும் "இதுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திருக்கை, கலவாய், ஒட்டி, சீலா, அழுங்காமை. எனக்கு அதில் பாதி தெரியாது. அண்ணைக்கு எல்லாம் தெரியும்.

முருகைக்கல்லை மட்டும் மிதிக்கவோ பிடிக்கவோ விடாதீர்கள். கல் என்று பெயர் இருந்தாலும் அது உயிர். கண்ணுக்குத் தெரிகிறதும் தெரியாததுமான சின்னச் சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டுகிற வீடு. சில வகைகள் ஒரு வருடத்துக்கு ஒரு சென்டிமீற்றர் அளவில்தான் வளரும். ஒரு செருப்புக்கால் உடைக்கிறதை வளர்க்க ஒரு பிள்ளையின் முழு இளமைக்காலம் வேண்டும். 1998இலும் 2016இலும் கடல் சூடானபோது இலங்கையின் முருகைக்கற்பாறைகள் பல வெளுத்துப்போயின. டைனமைட் வெடித்து மீன் பிடிப்பது திருகோணமலைக் கடலின் பழைய தலைவலி. 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டம் அதைத் தடைசெய்திருந்தும் அடியோடு ஒழியவில்லை. இத்தனைக்கும் தப்பி மிஞ்சியிருப்பதைத்தான் எங்கட பிள்ளைகள் பார்க்கிறார்கள். நிற்க வேண்டுமென்றால் மணலில் நிற்கட்டும்.

அப்பா இறங்க மாட்டேன் என்றுதான் வந்தவர். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த மனிசன், நீந்தத் தெரியாது. கடற்கரை ஊர்க்காரருக்கு எப்படி நீந்தத் தெரியாமல் போனது என்று என் கணவர் கேட்டார். "கடல் தொழிலுக்குப் போறவைக்குத்தான். எங்களுக்குக் கடல் கால் நனைக்க மட்டும்" என்றார் அப்பா. அது ஒரு நேர்மையான பதில். எங்கட ஊர்களில் கடலுக்குள்ளும் சாதி ஒரு கோடு போட்டிருந்தது. படிக்கப் போன பிள்ளைகளைக் கடலுக்கு விடாமல் வளர்த்த வீடுகள் எத்தனையோ.

பேத்தி விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில், மணல் தரையில், அங்கியும் போட்டு நிற்க வைத்தாள். ஒரு பக்கம் என் கணவர், ஒரு பக்கம் அவள். "அப்பப்பா, மூக்கால இல்லை, வாயால மூச்சு எடுங்கோ." மொங்லண்ட் அவெனியூ நீச்சல்குளத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே வரிசையில் சொல்லிக் கொடுத்தாள். அப்பா குனிந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார். மூன்றாம் முறை நீண்ட நேரம் நிமிரவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கிட்டப் போனால், குழாய்க்குள்ளால் மூச்சுச் சத்தம் கேட்கிறது. நிமிர்ந்து முகமூடியைக் கழற்றி, "இவ்வளவும் இங்கதான் இருந்திருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் பெற்றோரையும் இறக்க ஆசை வந்தால், போக முதல் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் அழுத்தக் குளிசை எடுப்பவர்களுக்கும் குழாய்வழி மூச்சு நினைப்பதைவிடக் கடினம். நிலம் எட்டுகிற இடத்தை விட்டு அவர்கள் நகர வேண்டாம்.

தங்கூசியின் மறுமுனை

மத்தியானம் கரைக்கு வந்து சாப்பிட்டோம். வெயில் தணிய, அதே படகில் எல்லைக்கு வெளியே போனோம். தூண்டில் என்றால் பிள்ளைகள் தடியும் சுற்றுகிற கருவியும் எதிர்பார்த்தார்கள். அண்ணை கொடுத்தது கட்டையில் சுற்றின தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, முள்ளு, இரைக்கு இறால் துண்டு. "விரலில வைச்சுக்கொண்டு இரு பிள்ளை. கண்ணால இல்லை, விரலால பாக்கவேணும்."

கால் மணித்தியாலம் ஒன்றும் இல்லை. ஐபாட் பிள்ளைகள் கால் மணித்தியாலம் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அதற்கே நான் கூலி கொடுத்திருப்பேன். பிறகு மகனின் நூல் இழுபட்டது. ஒரு விளைமீன், கை அகலம். மேலே வந்து துடித்தபோது அவன் முகம் மாறிவிட்டது. காலையில் பார்த்த மீன் மாதிரியே இருந்தது அவனுக்கு. "இதை விடலாமா?" என்றான்.

இந்த இடத்தில் பெற்றோர் அவசரப்பட்டு "விடு விடு" என்றோ, "மீன் சாப்பிடுறாய்தானே, பேசாமல் இரு" என்றோ சொல்லாமல் இருப்பது நல்லது. விக்டோரியா அவெனியூ தமிழ்க் கடையில் பனிக்கட்டி மூடிய பொதியில் அறக்குளாத் துண்டு வாங்குகிற எங்களுக்கு, மீன் என்பது துடித்த ஒன்று என்ற நினைவே இல்லை. அது பிள்ளைக்கு வருகிறபோது வரட்டும். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் மீனைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது சின்னன். நீ விடலாம். ஆனா அடுத்தது பெரிசு வந்தா வீட்டை கொண்டுபோய் முழுக்கச் சாப்பிட வேணும், எறியக்கூடாது. சரியோ?" என்றார். மகன் சரி என்றான். இரண்டாவது பெரிதாக வந்தது. அன்றிரவு அவன் அதன் தலையைக்கூட விடவில்லை.

பூட்டியிருந்த கடல்

திரும்பி வரும்போது மகள் அண்ணையைக் கேட்டாள்: "நீங்கள் என்ட வயசில இங்க நீந்தினீங்களா?"

"இல்லைப் பிள்ளை. அப்ப கடல் பூட்டியிருந்தது."

"கடலை எப்படிப் பூட்டுறது?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். எத்தனை வீடுகளில் இந்தப் பார்வை சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் யாரும் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

அண்ணை சொன்னார், சாதாரணமாக. போர்க்காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு எஞ்சின் பூட்டலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு. சில காலம் முழுத் தடை. இராத்திரி மீன் வருகிற நேரத்தில் வலை கரையில் கிடக்கும். போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்கு நடுவில், 2004 டிசம்பர் 26 காலை, அதே கடல் எழும்பி வந்தது. இலங்கை முழுவதும் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அலை நிலாவெளிக் கரையையும் விடவில்லை. "அதுக்குப் பிறகும் கடலுக்குப் போனீங்களா?" என்று மகள் கேட்டாள். "வேற எங்க போறது?" என்றார் அவர்.

பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதுமான அளவு. நான் அதற்கு மேல் விளக்கம் சேர்க்கவில்லை, அழகாக்கவும் இல்லை. போரைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று எங்கட தலைமுறைப் பெற்றோர் என்னை அடிக்கடி கேட்பதுண்டு. திகதிகளையும் இயக்கப் பெயர்களையும் கொண்டு தொடங்கத் தேவையில்லை. பிள்ளை காலையில் மகிழ்ந்து குளித்த தண்ணீரில் இருந்து தொடங்கலாம். இந்தத் தண்ணீருக்குள் இன்னொரு பிள்ளை இறங்க முடியாமல் ஒரு காலம் இருந்தது என்றால், அதை அவளால் உடனே விளங்கிக்கொள்ள முடிகிறது. உல்லாசப் பயணியாகப் போகிறோமா, ஊருக்குப் போகிறோமா என்ற குழப்பம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. ஒரே படகில் இரண்டுமாக இருக்கலாம். படகோட்டியோடு கதைத்தால் போதும்.

இப்போதே தொடங்க வேண்டியவை

நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்துகொண்டு செய்யக்கூடியவை சில. பொது நீச்சல் நேரத்தில் முகமூடி, குழாய் கொண்டுவரலாமா என்று குளத்தில் கேட்டுவிட்டு, நாலைந்து வார இறுதிகள் பழக்குங்கள். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பலமாக ஊதி வெளியேற்றுவதைப் பிள்ளை குளத்திலேயே படிக்க வேண்டும், கடலில் இல்லை. தூண்டிலுக்குப் பயிற்சி வேண்டுமென்றால், யூன் மாதத்தில் ஒரு வார இறுதியில் கியூபெக் முழுவதும் அனுமதிச்சீட்டு இல்லாமல் மீன் பிடிக்க விடுகிறார்கள். மற்ற நாட்களில் சீட்டு எடுக்க வேண்டும்.

அங்கே போனதும், முதல் நாள் மாலையே கரைக்குப் போய்ப் பூங்கா திறந்திருக்கிறதா, நாளைக்குக் காற்று எப்படி என்று கேளுங்கள். படகோட்டி "இண்டைக்கு வேண்டாம்" என்றால் வாதாட வேண்டாம். கனடாவுக்குத் திரும்புகிற நாளை வைத்து அவரை நெருக்கவும் வேண்டாம். பயணத்திட்டத்தில் ஒரு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். கொண்டுபோகிற பிளாஸ்டிக் எல்லாம் திரும்பி வரட்டும். தூண்டில் நேரத்துக்குத் தனியாகக் கூலி பேசுங்கள், பேரம் பேசிக் குறைக்காமல். கிழக்கின் பருவம் வருடத்துக்குச் சில மாதங்கள்தான், வாடை தொடங்கினால் அந்தப் படகு கரையில் கிடக்கும்.

பிள்ளையிடம் ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். எங்கட வீட்டுக் கொப்பியில் பதினான்கு மீன் பெயர்கள் இருக்கின்றன, எழுத்துப் பிழைகளோடு. திருத்தவில்லை. நீங்கள் போய் வந்தால் உங்கள் பிள்ளைகளின் பட்டியலை எழுதி அனுப்புங்கள். எங்களிடம் இல்லாத பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுவோம்.